வசனம் யார், சார்?

டி.வி.யில் செய்தி வாசிப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தாலும் இந்த உண்மையை முதலில் ஜீரணித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி எட்டு மணிக்குத் தட்டில் தோசையோடு உட்காருகிறீர்கள். அந்தப் பெண் உங்கள் கண்ணையே பார்த்து, கையில் காகிதம்கூட இல்லாமல், மேட்டூர் முதல் மாஸ்கோ வரை அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசுகிறார். "என்னா ஞாபக சக்தி!" என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் வியக்கிறார்கள். ஞாபக சக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. அதன் கீழே மல்லாந்து படுத்திருக்கும் ஒரு திரை. திரையில் இடவலம் மாறிய எழுத்துகள். கண்ணாடியில் அவை நேராகத் தெரியும். அவர் பார்ப்பது அந்த எழுத்துகளை. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் இருக்கும் லென்ஸ் அவரைப் பார்க்கிறது. லென்ஸ் வழியாக நீங்கள் பார்க்கிறீர்கள். கருவிக்குப் பெயர் டெலிபிராம்ப்டர்.

இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். நான் கேட்க வந்தது வேறு. அந்த எழுத்துகள் மேலே நகர்ந்துகொண்டே போகின்றனவே, அவற்றை நகர்த்துவது யார்?

1950ல் அமெரிக்காவில் இந்தக் கருவி பிறந்தபோதே இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. வசனம் மறந்துபோகும் நடிகர்களுக்காக ஃபிரெட் பார்ட்டன் என்ற நாடக நடிகர் யோசனை சொல்ல, ஹூபர்ட் ஷ்லாஃப்லி என்ற இன்ஜினீயர் செய்து கொடுத்தார். ஒரு பெட்டி, உள்ளே காகிதச் சுருள், சுற்ற ஒரு மோட்டார். பக்கத்தில் ஓர் ஆள். பேசுகிறவரின் வேகம் பார்த்து அவர் சுருளை ஓட்டுவார். 1952 தேர்தலில் அரசியல்வாதிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து நகரவில்லை என்று ஐசனோவர் மேடையிலேயே, மைக் திறந்திருக்கும்போதே, எரிந்து விழுந்தார். இரண்டாம் உலகப் போரில் படை நடத்திய தளபதி. பேச்சில் அடுத்த வரிக்கு ஒரு மோட்டார்காரரை நம்பி நின்றார்.

அந்த மோட்டார்காரர் சாதாரண ஆள் இல்லை. கச்சேரியில் மிருதங்கக்காரர் மாதிரி. பாடகர் மூச்சு எடுத்தால் அவரும் நிற்க வேண்டும். பாடகர் ஓடினால் அவரும் ஓட வேண்டும். நல்ல ஆள் கிடைத்தால் வாசிப்பவருக்கு நிம்மதி. மோசமான ஆள் கிடைத்தால் வாசிப்பவர் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓட வேண்டியதுதான்.

இப்போது அந்த ஆளைப் பல இடங்களில் காணோம். காகிதம் போய் கம்ப்யூட்டர் வந்தது. பிறகு ஸ்டூடியோவில் கேமராவை நகர்த்துவது, விளக்கைப் போடுவது, படத்தை மாற்றுவது எல்லாம் தானியங்கி ஆனது. கடைசியில் பிராம்ப்டரை ஓட்டும் வேலை வாசிப்பவரிடமே வந்து சேர்ந்தது. மேசைக்கு அடியில் காலால் மிதிக்க ஒரு பெடல். அல்லது கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி. பி.பி.சி. உள்பட உலகின் பல பெரிய நிலையங்களில் இப்படித்தான். 2020 ஊரடங்கில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தி வாசித்தவர்கள் எல்லாம் தாங்களே ஓட்டித் தாங்களே வாசித்தார்கள். வாசிப்பவர் குரலைக் கேட்டு எழுத்து தானே நகரும் மென்பொருளும் வந்துவிட்டது.

"நல்லதுதானே? அவங்க வேகம் அவங்க கையில!" என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். பாதி தூரம் வரைக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு காட்சி. அஸ்தம்பட்டியில் ஒரு மாடி ஸ்டூடியோ. உள்ளூர் கேபிளுக்குச் செய்தி தயாரிக்கிறார்கள். பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே வாசிக்கிற பெண்ணுக்குத்தான் சங்கடம். உள்ளூர் கேபிள் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். சேலத்தில் கேபிள் தொழிலில் தொடங்கி சேட்டிலைட் வரைக்கும் போனதுதான் பாலிமர். ஏற்காட்டில் மண் சரிந்ததா, கொலுசுப் பட்டறைகளுக்கு ஆர்டர் வந்ததா, ஜவ்வரிசி விலை ஏறியதா, எந்தத் தெருவில் குடிதண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் சென்னையில் இருக்கும் சேனலுக்கு நாலு விநாடிச் செய்தி. சேலத்துக்காரருக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

அந்த ஸ்டூடியோவில் பிராம்ப்டர் என்பது கார்பென்டர் அடித்துக் கொடுத்த மரப்பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு பழைய மானிட்டர். வாசிக்கும் பெண்ணின் இடது கை மேசை மேல் அழகாக இருக்கிறது. வலது கை மேசைக்குக் கீழே மவுஸ் பிடித்திருக்கிறது.

"பெரிய சேனல்ல காலுக்குப் பெடல் இருக்குமாங்க சார். நமக்கு மவுஸ்தானுங்க. சக்கரத்தை உருட்டினா நகரும், விட்டா நிக்கும்" என்றார்.

ஸ்கிரிப்ட் எங்கிருந்து வருகிறது? ஓனரின் வாட்ஸ்அப்பிலிருந்து. டைப் அடிப்பதும் இவர்தான்.

"படிக்கும்போது ஏதாச்சும் சரியில்லைன்னு தோணினா மாத்துவீங்களாம்மா?"

"எழுத்துப் பிழை இருந்தா மாத்திக்குவேனுங்க. சேதிய மாத்தக் கூடாதுங்க."

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாம் அந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. உருட்டுவது அவர். உருள்வது அவருடையது அல்ல.

முதலில், வேகம் வாசிப்பவர் கையில் இருப்பது ஏன் சரி என்று சொல்லிவிடுகிறேன். மற்ற மொழிக்காரர்களைவிடத் தமிழருக்கு இது முக்கியம். காரணம், நம் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. இங்கிலீஷ்காரருக்கு மறுத்தாரா, ஒப்புக்கொண்டாரா என்பது எழுவாய்க்கு அடுத்தே தெரிந்துவிடும். நமக்கு? "காவிரியில் தமிழகத்துக்கு உரிய நீரைத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைக் கர்நாடக அரசு" என்பது வரைக்கும் வாசித்தாலும் முகத்தைச் சோகமாக வைப்பதா, சாதாரணமாக வைப்பதா என்று தெரியாது. அடுத்த வரி வந்தால்தான் தெரியும், "ஏற்றது" என்றா, "நிராகரித்தது" என்றா. பிராம்ப்டரில் தூரத்திலிருந்து தெரியும்படி எழுத்து பெரிதாக இருக்கும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பிடிக்காது. "கைப்பற்றப்பட்டுள்ளதாகத்" என்ற ஒரே சொல் முக்கால் வரியை அடைத்துக்கொள்ளும். ஓட்டுகிற ஆள் அரை விநாடி தாமதித்தால், வாசிப்பவர் நடுவாக்கியத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும்.

பழைய எழுத்துருக்களின் தொல்லை தனி. செய்தியை வானவில்லிலோ பாமினியிலோ அடித்து அனுப்பியிருப்பார்கள். பிராம்ப்டருக்கு அந்த எழுத்துரு தெரியாது. திரையில் ஆங்கில எழுத்துகள் கூத்தாடும். யூனிகோடு வந்த பிறகுதான் இந்தத் தலைவலி குறைந்தது. அந்த நிமிடத்தில் நிறுத்தவும் பின்னால் போகவும் வாசிப்பவர் கையில் ஒரு சக்கரம் இருந்தால்தான் பிழைப்பார்.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பி உபரி நீர் திறந்தால் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக் கரையில் இருப்பவர்கள் செய்திக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். 2022 ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் தண்ணீர் வந்தபோது குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. "அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு" என்று தொடங்கும் வாக்கியம் "அதிகரிக்கப்பட்டுள்ளது" என்று முடிகிறதா, "குறைக்கப்பட்டுள்ளது" என்று முடிகிறதா என்பதில் ஒரு குடும்பம் இன்று ராத்திரி பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகுமா, பாயை விரித்துப் படுக்குமா என்பது இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை அவசரப்படாமல், கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு சொல்லும் வசதி வாசிப்பவருக்கு வேண்டும். வேண்டுமா வேண்டாமா?

வேண்டும். ஆகவே பெடல் வாழ்க.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். முதலாளிகள் பெடலைக் கொடுத்தது வாசிப்பவர் மேல் பாசத்தால் அல்ல. ஓர் ஆளின் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். ஆளைக் குறைத்துவிட்டு அந்த வேலையை இன்னொருவர் காலில் கட்டுவதற்கு "சுதந்திரம்" என்று பெயர் வைப்பது, சமையல்காரரை நிறுத்திவிட்டு "இனிமே உனக்குப் பிடிச்சதை நீயே சமைச்சுக்கோ" என்று வீட்டு மருமகளிடம் சொல்வது போல. மளிகைச் சாமான் அலமாரிச் சாவியை மட்டும் மாமியார் கொடுக்க மாட்டார்.

அந்தச் சாவிதான் விஷயம். வார்த்தை.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் கட்டி எழுப்பிய சாம்ராஜ்யத்தில் மிஞ்சியது அதுதான். 1950ல் அங்கே தயாரான 'மந்திரி குமாரி' படத்துக்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. பக்கம் பக்கமான வசனத்தை நடிகர்கள் மனப்பாடம் செய்து பேசினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் பேசியவர் பெயரும் வந்தது. எழுதியவர் பெயரும் வந்தது. வசனம் பிடித்தால் யாரைப் பாராட்டுவது, பிடிக்காவிட்டால் யாரைத் திட்டுவது என்று டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரிந்தது.

கற்பனைக் கதைக்கே "வசனம்" என்று ஒரு கார்டு போட்ட ஊர் இது. உண்மைச் செய்திக்கு அந்தக் கார்டு எங்கே? இன்றைக்கு நீங்கள் பார்க்கும் செய்தியில் முகம் தெரிகிறது, குரல் தெரிகிறது, புடவையும் கோட்டும் யார் கொடுத்தது என்றுகூட நன்றி போடுகிறார்கள். வார்த்தை யாருடையது என்று மட்டும் சொல்வதில்லை.

இதன் உச்சத்தை 2018ல் அமெரிக்கா பார்த்தது. சின்க்ளேர் என்ற நிறுவனம் அங்கே ஊர் ஊராக உள்ளூர் டி.வி. நிலையங்களை வைத்திருக்கிறது. 'பொய்ச் செய்தி பரப்புகிறவர்களிடம் ஜாக்கிரதை, நாங்கள்தான் நடுநிலை' என்கிற பொருளில் ஒரே ஸ்கிரிப்டைத் தலைமையகம் எழுதி அனுப்பியது. ஊருக்கு ஊர் வாசிப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லி, தங்கள் சொந்தக் கவலை மாதிரி அதை வாசித்தார்கள். யாரோ அந்தக் காட்சிகளையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரே திரையில் கட்டம் கட்டமாக ஓடவிட்டார்கள். டஜன் கணக்கில் முகங்கள், ஒரே வாக்கியம், ஒரே ஏற்ற இறக்கம், பஜனை மடம் மாதிரி. அவர்களில் எத்தனை பேர் காலடியில் பெடல் இருந்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? மெதுவாக வாசித்தாலும் வேகமாக வாசித்தாலும் அது தலைமையகத்தின் வசனம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 டிசம்பர் 5ஆம் தேதி சாயங்காலத்தை மறந்துவிட்டீர்களா? முதல்வர் ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்தார். தமிழ் சேனல்கள் சில, அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மறுபடி ஏறியது. அன்று ராத்திரி 11.30க்கு அவர் இறந்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் கடையை அடைத்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைத் தேடி ஓடியவர்கள் எத்தனை பேர்! செய்தி அறைகளில் முடிவெடுத்தவர்களின் முகம் அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்த முகம் கேமராவுக்கு முன்னால் இருந்தவருடையது. வந்ததை வாசித்தார், பிறகு அதற்கு நேர்மாறாக வந்ததையும் அதே முகத்தோடு வாசித்தார். பழி மட்டும் அந்த முகத்துக்கு.

"அந்தக் காலத்தில் இப்படியா? சரோஜ் நாராயணஸ்வாமி குரல் ஒன்று போதுமே, ஷோபனா ரவி வாசித்தால் நம்பலாமே" என்று ஒரு கோஷ்டி வரும். எனக்கும் அந்தக் குரல்கள் மேல் மரியாதை உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975ல் வந்தது. அந்த நாட்களில் கையில் காகிதம் வைத்துக் குனிந்து குனிந்து நிமிர்ந்துதான் வாசித்தார்கள். காகிதத்தைப் புரட்டும் வேகம் அவர்கள் கையில் இருந்தது. வார்த்தை? அது சர்க்காருடையது. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். வெளிநாட்டு வானொலிகள் மரணத்தைச் சொன்ன பிறகும் ஆகாசவாணி சாயங்காலம் வரை சொல்லவில்லை. வாசிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தாலும் காகிதத்தில் இல்லாததை அவர்கள் சொல்ல முடியாது. ஆகவே பொற்காலம் பேசாதீர்கள். அன்று எஜமானர் ஒருவர். இன்று பலர். வாசிப்பவரின் நிலை மாறவில்லை.

பெடல் வந்ததில் நிலைமை ஒரு விதத்தில் மோசமாகியிருக்கிறது. ஸ்டூடியோவில் மனிதர்கள் குறைகிறார்கள். 2024 ஏப்ரலில் கொல்கத்தா தூர்தர்ஷனில் லோபமுத்ரா சின்ஹா செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே குளிர்சாதனம் மக்கர். வாசித்துக்கொண்டிருந்தது வெப்ப அலைச் செய்தி! எதிரே பிராம்ப்டரின் எழுத்துகள் மங்கி மறைந்தன, அப்படியே மயங்கிவிட்டேன் என்று பிறகு அவரே சொன்னார். நேரலையில் எழுந்து தண்ணீர் குடிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இடையில் யாரோ ஒருவரின் பேட்டித் துண்டு ஓடிய சில விநாடியில் கொஞ்சம் குடித்திருக்கிறார். பாட்டிலை எடுத்துக்கொடுக்க அங்கே ஓர் ஆளாவது இருந்தார். தானியங்கிக் கேமராவும் காலடிப் பெடலும் மட்டுமே உள்ள ஸ்டூடியோவில் அந்த பாட்டிலை யார் நீட்டுவது?

இந்த இடத்தில் சேனல்காரர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். "வாசிப்பவர்களிடம் வார்த்தையைக் கொடுத்தால் ஆளாளுக்கு அரசியல் பேசுவார்கள். நடுநிலை என்னாவது?" என்று அவர்கள் கேட்பார்கள்.

ஐயா, சொந்த வார்த்தையில் அரசியல் பேசுகிறவர்களை ராத்திரி ஒன்பது மணி விவாதத்தில் நீங்களேதான் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு நெறியாளர் என்று பட்டமும் கொடுத்தாயிற்று. அப்போது வராத நடுநிலைக் கவலை, "இந்தத் தகவலை யார் சொன்னது சார்?" என்று ஒரு வாசிப்பாளர் கேட்டால் மட்டும் ஏன் வருகிறது? கருத்துச் சொல்லும் உரிமை வேறு. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்னும் உரிமை வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

அந்த உரிமையை யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உக்ரைன், 2004 நவம்பர் 25. ஜனாதிபதித் தேர்தலில் யானுகோவிச் ஜெயித்ததாக அரசுத் தொலைக்காட்சி வாசிக்கிறது. தில்லுமுல்லு என்று தலைநகர் கீவில் ஜனங்கள் தெருவில் நிற்கிறார்கள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நத்தாலியா திமித்ருக் என்ற பெண், காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் செய்தியைப் பெயர்க்க வேண்டும். வாசிப்பவர் திரையில் ஓடியதை வாசித்தார். நத்தாலியாவின் கைகள் வேறு சொன்னன: இந்த முடிவுகள் பொய்யானவை, நம்பாதீர்கள். இனி உங்களைப் பார்ப்பேனோ மாட்டேனோ என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஸ்டூடியோவில் யாரும் எழுதித் தராததைச் சொன்னது அந்த இரண்டு கைகள்தான். பிறகு மற்றப் பத்திரிகையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. மறு வாக்குப்பதிவில் முடிவே மாறியது. அவரால்தான் மாறியது என்று சொல்ல மாட்டேன். பொய் என்று தெரிந்ததைத் தன் உடம்பால் சொல்ல மாட்டேன் என்றார், அதுதான் பெரிது.

எல்லா வாசிப்பாளரும் நத்தாலியா ஆக முடியாது. வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. ஒரு தனி மனிதர் வேலையைப் பணயம் வைத்தால்தான் உண்மை வெளியே வரும் என்றால், கோளாறு அமைப்பில் இருக்கிறது.

செய்தி வாசிக்கும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2023ல் ஒடிசாவில் லிசா என்று ஒரு செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர் வந்தது. கைத்தறிப் புடவையெல்லாம் கட்டியிருந்தது. 2024 மே மாதம் டி.டி. கிசானில் கிரிஷ், பூமி என்று இரண்டு பேர் வந்தார்கள். ஐம்பது மொழி பேசுவார்கள், 365 நாளும் 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் வாசிப்பார்கள் என்று அரசே பெருமையாக அறிவித்தது. அவர்களுக்குக் கால் இல்லை, பெடல் வேண்டாம். தாகம் இல்லை, பாட்டில் வேண்டாம். முக்கியமாக, எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்கள். எதைக் கொடுத்தாலும் வாசிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், அதை உங்களைவிட அவர்கள் மலிவாகச் செய்வார்கள். இயந்திரத்தால் முடியாதது ஒன்றே ஒன்று. சந்தேகப்பட்டு நிறுத்துவது. அந்த ஒன்றை நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் நாற்காலியையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

ஆகவே சேனல்களிடம் என் கோரிக்கைகள் நான்கு. சாட்டிலைட் சேனலுக்கும் இதுதான், அஸ்தம்பட்டி மாடி ஸ்டூடியோவுக்கும் இதுதான்.

ஒன்று: செய்தித் தொகுப்பு நேரலைக்கு முன்பே வாசிப்பவர் கைக்கு வர வேண்டும். படித்துக் கேள்வி கேட்க அவருக்கு நேரம் வேண்டும். அவசரச் செய்திக்கு அது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அவசரச் செய்தியில் "யார் சொன்னது" என்பது அதே வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். போலீஸ் சொன்னதா, மருத்துவமனை சொன்னதா, பக்கத்து சேனல் சொன்னதா?

இரண்டு: நிறுத்தும் உரிமை. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2012 போக்சோ சட்டம் சொல்கிறது. ஊர் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், அப்பா பார்க்கும் தொழில் என்று ஒவ்வொன்றாக பிராம்ப்டரில் வந்தால், வாசிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போகலாம். அதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. உறுதியாகாத மரணம், விசாரணை முடியாத கலவரத்தில் சாதிப் பெயர், இவற்றுக்கும் அப்படியே.

மூன்று: செய்தி முடிந்ததும் ஒரு கார்டு. எழுதியவர் யார், பொறுப்பாசிரியர் யார் என்று. ஐந்து விநாடி போதும். நகைக்கடை விளம்பரத்தில் ஐந்து விநாடியைக் குறைத்துக்கொண்டால் கடை ஒன்றும் மூடிப் போகாது.

நான்கு: நேரலை ஓடும்போது ஸ்டூடியோவில் வாசிப்பவரைத் தவிர இன்னொரு மனிதர். தண்ணீர் கொடுக்க, தப்பு நடந்தால் கையைக் காட்ட, மயங்கினால் பிடிக்க.

நேயர்களுக்கு, அதாவது உங்களுக்கும் எனக்கும், ஒரு கோரிக்கை உண்டு. வாசிப்பாளர் ஒரு சொல்லில் தடுக்கினால் அதை வெட்டி எடுத்து மீம் போட்டுச் சிரிக்கிறோம். அவர் சரளமாக, சிரித்த முகத்தோடு, ஒரு தடங்கலும் இல்லாமல் ஒரு பொய்யை வாசித்தால் "நல்லா வாசிக்கிறாங்க" என்கிறோம். தடுக்காமல் வாசிப்பதுதான் திறமை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். "மன்னிக்கவும் நேயர்களே, இந்தத் தகவல் இன்னும் உறுதியாகவில்லை" என்று ஒரு வாசிப்பாளர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால், ரிமோட்டைத் தொடாதீர்கள். அந்த சேனலிலேயே இருங்கள். சேனல் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, "உங்க பொண்ணு இன்னைக்கு நல்லா வாசிச்சாங்க" என்று சொல்லுங்கள்.

கூடவே, மறக்காமல் கேளுங்கள்: "வசனம் யார், சார்?"